யாழ்ப்பாணக் குடாநாட்டில் பசளைத் திட்டமிடலும் கிணற்று நீரும்

பயிருக்கு எவ்வளவு ஊட்டம் தேவை, அதில் மண்ணும் எருவும் பாசன நீரும் எவ்வளவைத் தருகின்றன, மிச்சத்தை எப்போது, எப்படி இடுவது என்று நடுகைக்கு முன்பே கணக்கிட்டுக்கொள்வது பசளைத் திட்டமிடல் ஆகும். விளைச்சலை நோக்கி எழுந்த இக்கணக்கு இன்று குடிநீரைக் காக்கும் வழியாகவும் கொள்ளப்படுகிறது. ஐரோப்பாவில் 1991இல் வந்த நைத்திரேற்றுச் சட்டம், நீர் மாசடையக்கூடிய பகுதிகளில் விலங்கெருவின் வழியே ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 170 கிலோவுக்கு மேல் நைதரசன் சேரலாகாது என வரம்பிட்டது. இலங்கையில் இந்தக் கணக்கை இனியும் தள்ளிப்போட முடியாத இடம் யாழ்ப்பாணக் குடாநாடு.

ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்நிலத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை, மயோசின் காலச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகிறது. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் பெரும்பாலும் அந்த நீர்தான். குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் நீர் விரைவாக இறங்கும். அதன் கீழே வெடித்த பாறை. கரைந்து வரும் ஊட்டத்தைத் தடுத்து நிறுத்த இடையில் அதிகம் எதுவும் கிடையாது.

கரைந்து வருவது பெரும்பாலும் நைத்திரேற்று. யூரியாவிலுள்ள நைதரசனை மண்ணின் பற்றீரியாக்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. அமோனியத்தைக் களித்துகள் பிடித்துவைக்கும். எதிரேற்றமுள்ள நைத்திரேற்றைப் பிடித்துவைக்காது. பொசுபரசு இங்கே சுண்ணாம்புடன் இறுகி மண்ணிலேயே நின்றுவிடுவதால் கிணறுகளுக்கு அது பெரிய அச்சுறுத்தல் அல்ல.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் 1980கள் முதலே காட்டிவந்துள்ளன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதை ஒவ்வொரு தாய்க்கும் சொல்லவேண்டும்.

அளவைப் பார்த்தால் நிலைமையின் கடுமை விளங்கும். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் பாதி கழுவப்பட்டு இறங்கினாலும், தூய நீர் 10 லட்சம் லீற்றரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆகவே இங்கே திட்டம் கிணற்றிலிருந்து தொடங்கவேண்டும். எல்லையளவு நைத்திரேற்று உள்ள நீரை ஒரு போகத்தில் 500 மில்லிமீற்றர் உயரத்துக்கு இறைத்தால், ஏக்கருக்கு, அதாவது 16 பரப்புக்கு, சுமார் 23 கிலோ நைதரசன் அந்த நீரோடு வந்து சேர்கிறது. ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடு. வெங்காயமோ மிளகாயோ வைப்பவர் அதற்குத் தக்கபடி பசளையைக் குறைத்தால் பணமும் மிஞ்சும், கிணறும் தேறும். கணக்கில் எடுக்காவிட்டால் அதே நைதரசன் கிணற்றுக்கும் தோட்டத்துக்குமாகச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறையும் புதுப் பசளையால் பெருகும்.

எருவுக்கும் கணக்கு உண்டு. கோழியெருவில் நைதரசன் மாட்டெருவைவிடப் பல மடங்கு இருக்கும். இரண்டையும் வண்டிக் கணக்கில் ஒன்றுபோல் கொட்டுவது தவறு. எருவின் நைதரசன் முழுவதும் முதல் போகத்தில் வெளிவராது. எஞ்சியது அடுத்தடுத்த போகங்களில் வெளிவருவதால், போன முறை இட்டதையும் இம்முறை கழிக்கவேண்டும். பனையோலையைத் தோட்டத்தில் தாழ்த்தும் பழைய வழக்கம் இவ்வகையில் மிகவும் போற்றத்தக்கது: மெல்ல உக்கும் ஓலை நைதரசனைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாகவே விடுகிறது.

காலமும் அளவைப் போலவே முக்கியம். சிறுபோக அறுவடைக்குப் பின் மண்ணில் மிஞ்சிய நைத்திரேற்றை ஒக்டோபர் மழை நேரே கீழே கொண்டுபோகும். அந்த வேளையில் எருவைத் திறந்த வெளியில், அதுவும் கிணற்றடியில், குவித்துவைப்பது கிணற்றுக்குள் கொட்டுவதற்கு அதிகம் குறைந்ததல்ல. குவியலை மூடிவைப்பதும், வெறுந்தரையில் சணல் போன்ற பயிரை விதைத்து மிச்சத்தை உறிஞ்சவிடுவதும் அதிகச் செலவில்லாத காப்பு. வெங்காயத்தின் வேர் ஆழம் போகாதது; மேல் ஓரடி மண்ணைத் தாண்டிய நீர் பசளையோடு தப்பிவிடும். யூரியாவைப் பல தவணையாகப் பிரித்து இடுவதும், வாய்க்கால் பாய்ச்சலை விட்டுத் தூவல் அல்லது சொட்டு நீருக்கு மாறுவதும் இதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் விவசாயிகள் பட்ட பாடு பெரிது. அப்படித் தடைசெய்வது திட்டமிடல் அல்ல. கிணற்றுக்கு வந்து சேரும் நைத்திரேற்று யூரியாவிலிருந்து வந்தாலும் சாணத்திலிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்பதை அத்தடை கருத்தில் கொள்ளவில்லை.

நெருக்கமான குடியிருப்புகளின் மலசலகூடக் குழிகளும் நைத்திரேற்றைச் சேர்ப்பதால் பழி முழுவதையும் தோட்டத்தின்மேல் போடலாகாது. 2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆனால் அதன் குழாய் எட்டாத வீடுகளும் பெரும்பாலான தோட்டங்களும் இன்னமும் கிணற்றையே நம்பியிருக்கின்றன. மாரி முடிந்தபின் ஒருமுறை, சிறுபோக முடிவில் ஒருமுறை கிணற்று நீரைச் சோதித்து, மண் பரிசோதனை முடிவோடு சேர்த்து விவசாயியின் கையில் கொடுத்தால் மேற்சொன்ன கணக்கு முழுவதையும் அவரே போட்டுவிடலாம்.