தோலுக்கு அடியில் ஒரு கம்பிச்சுருள்

உடலுக்குள் வைக்கப்படும் மின்கருவிகளின் வரலாற்றை 1958இல் ஸ்டாக்ஹோமில் பொருத்தப்பட்ட இதயமுடுக்கியிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு ஓராண்டு முன்பே, 1957 பிப்ரவரி 25 அன்று, பாரிஸில் ஆந்த்ரே ஜூர்னோவும் ஷார்ல் எய்ரியேவும் செவிப்புலனை இழந்த ஒருவரின் தலைக்குள் ஒரு கம்பிச்சுருளை வைத்துத் தைத்தனர். அதில் மின்கலம் இல்லை. வெளியே வைத்த இன்னொரு சுருளின் காந்தப்புலம் தோலைக் கடந்து அதற்கு மின்சாரம் ஊட்டியது. தோலைத் துளைத்து வெளிவரும் கம்பி கிருமிகளுக்கு வாசல். அந்த வாசலை அடைத்ததே இச்சோதனையின் சாதனை என்பேன்.

அம்மனிதர் முதலில் கேட்டது சில்வண்டின் இரைச்சல் போன்ற ஒலி. பயிற்சிக்குப் பின் ‘அப்பா’, ‘அம்மா’ போன்ற ஓரிரு சொற்களைப் பிரித்தறிந்தார். கருவி விரைவில் பழுதானது; மாற்றி வைத்ததும் நிலைக்கவில்லை. எய்ரியே தொழில் நிறுவனம் ஒன்றின் துணையை நாட விரும்பினார். ஜூர்னோவுக்கோ கண்டுபிடிப்பு எவருடைய தனிச்சொத்தாவதிலும் உடன்பாடில்லை. இருவரும் பிரிந்தனர்.

அச்சோதனையின் செய்தி ஒரு நோயாளி வழியாக அமெரிக்காவின் வில்லியம் ஹவுஸை எட்டியது. 1961இல் அவர் தம் முதல் கருவிகளைப் பொருத்தினார். 1978இல் மெல்பர்னில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். இன்று நாம் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்றழைப்பது இவ்வழியில் வந்ததே. காதோரத்து ஒலிவாங்கி கேட்பதை வெளிக்கருவி குறிகளாக்குகிறது. காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்கும் சுருள் குறிகளையும் மின்சாரத்தையும் ஒருசேர உள்ளே அனுப்புகிறது.

தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை இலவசம். மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் கடந்துவிட்டால் பலன் குறையும் என்பதால்தான் வயது வரம்பு. பல லட்சம் ரூபாய்ச் செலவை ஏழைப் பெற்றோர் தலையிலிருந்து இறக்கிவைத்த இத்திட்டத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆயினும் அறுவை ஒரு நாள் வேலை. வெளிக்கருவியோ ஆயுள் முழுமைக்குமானது. தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008இல்தான் வந்தது. சித்தேரி மலையிலோ பென்னாகரத்தின் உட்கிராமத்திலோ வளரும் ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். சுருளை இணைக்கும் மெல்லிய கம்பி அறுந்தால், அல்லது மின்கலம் தீர்ந்தால், அந்தக் கணமே உலகம் மௌனமாகிவிடும். தலைக்குள் இருப்பது சிறு பழுதும் இன்றி அப்படியே இருக்கும். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு மாற்றுப் பாகத்தின் விலை கூலிக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. கடையில் வேறு நிறுவனத்தின் கருவி மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை: ஒரு நிறுவனத்தின் வெளிச்சுருள் இன்னொன்றின் உட்சுருளோடு பேசாது. ஜூர்னோ அஞ்சிய தனிச்சொத்து, இப்போது குழந்தையின் தோலுக்கு அடியில் இருக்கிறது.