14 காரட்டும் என் பிரெஞ்சு மனுவும்

போன மாதம் பேத்திக்குத் துணையாக ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போனேன். நகை செய்வோருக்கு உலோகத் தகட்டைத் தட்டி உருவாக்கக் கற்றுத்தரும் இரண்டு நாள் வகுப்பு. சும்மா உட்கார்ந்திருந்த என் கையிலும் ஒரு செப்புத் தகட்டையும் சுத்தியலையும் கொடுத்துவிட்டார்கள். வயது எழுபத்தாறு. விரலில் இரண்டு அடி வாங்கினேன்.

அரக்குப் படுக்கையில் தகட்டைக் கவிழ்த்து ஒட்டிவைத்து, பின்புறமிருந்து மழுங்கிய உளியால் தட்டினால் முன்புறம் பூவும் இலையும் புடைத்து வரும். சொல்லிக்கொடுத்த பெண் இதற்கு 'ரெப்பூஸ்ஸே' என்றார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் சும்மா இருப்பேனா! "பின்னால் தள்ளியது என்று அர்த்தம், அம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தட்டத் தட்டத் தகடு விறைத்துவிடும் ஐயா. இளஞ்சிவப்பாகக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடி இளகும். பொறுமையில்லாமல் தட்டினால் கீறிவிடும்" என்றார்.

என் இலை கீறியது. அந்தக் கீறலைப் பார்த்ததும் எங்கள் தெருப் பத்தர் நினைவுக்கு வந்தார்.

1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அக்டோபரில் சீனப்போர். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். அந்நியச் செலாவணி கரைகிறது, கடத்தல் பெருகுகிறது, மக்களின் தங்க மோகம் குறையவேண்டும் என்பது காரணம். காரணத்தில் தவறில்லை. ஆனால் பட்டறையில் உட்கார்ந்து யோசித்த யோசனையாக எனக்குப் படவில்லை.

22 காரட் என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றரைக்கு மேல் தங்கம். 14 காரட்டில் ஐம்பத்தெட்டுதான், மீதி செம்பும் வெள்ளியும். 22 காரட் மெதுவானது, கை சொன்னபடி வளையும். 14 காரட் கடினம், சீக்கிரம் விறைக்கும், அடிக்கடி காய்ச்சவேண்டும். தலைமுறையாக 22 காரட்டில் பழகிய கை அது. "இது தங்கமில்லை தம்பி, பிடிவாதம்" என்று பத்தர் மாமா என்னிடம் சொன்னார். அப்படியே செய்தாலும் வாங்க ஆளில்லை. 14 காரட்டில் தாலி செய்து எந்தத் தாய் மகளுக்குப் போடுவாள்? குமுட்டி அடுப்பு அணைந்தது. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள். தற்கொலைச் செய்திகள் பத்திரிகைகளில் வந்தன.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடனும் மாற்றுத் தொழிலும் தருவதாக அரசு அறிவித்தது. மாமா என்னிடம் வந்து, "நீ படிக்கிற பையன், ஒரு மனு எழுதிக்கொடு" என்றார். எனக்கு வயது பதிமூன்று. தெரிந்தது பிரெஞ்சு. பள்ளியில் கற்ற மரியாதை வாசகம் ஒன்று விடாமல், அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இணைப்பு ஒப்பந்தப்படி இங்கே பிரெஞ்சும் ஆட்சிமொழிதான். ஆனாலும் சில வாரம் கழித்து மனு திரும்பி வந்தது, மூலையில் பென்சிலில் 'ஆங்கிலத்தில் எழுதவும்' என்று. எந்த அலுவலகம் என்பது இப்போது எதற்கு?

எனக்கு அன்று ஆங்கிலம் வராது. தெரிந்தவரிடம் கேட்டு எழுதித் தருகிறேன் என்றேன். பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது. மறந்தேன் என்று சொல்வது பொய். அவர் வாசலைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகப் போய்வந்தேன். அவரும் மறுமுறை கேட்கவில்லை. பட்டடையையும் தராசையும் விற்றுவிட்டு, மகன் வீட்டோடு போய்விட்டார்.

14 காரட் வரம்பை 1966இல் நீக்கினார்கள். பிறகு 1968இல் உரிமம், சான்றிதழ், கணக்குப் புத்தகம் என்று தனிச் சட்டமே வந்தது. அது 1990இல்தான் ஒழிந்தது. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் எத்தனையோ மனுக்களில் குறிப்பு எழுதியிருக்கிறேன். மொழியைக் காரணம் காட்டி மட்டும் ஒன்றையும் திருப்பியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பென்சில் எழுத்து கண்ணில் நின்றதால் வந்த பழக்கம்.

ஊரைவிட்டுப் போகும் நாளில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, மனு எழுதியதற்குக் கூலி என்று தன் சாமணத்தை அம்மாவிடம் கொடுத்தார். நான் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தேன். அறுபது வருடமாக அலமாரியில் கிடந்த அதைத்தான் பேத்தி பயிற்சிக்கு எடுத்து வந்திருந்தாள். காய்ச்சிய தகட்டை நெருப்பிலிருந்து எடுக்க அதன் முனை இன்னும் சரியாகப் பிடிக்கிறது.