ராமனின் மணலும் மூட்டின் குச்சியும்: மும்பை மேடைகளில் மிருதங்க நாதத்தை மதிப்பிடுதல்

மிருதங்கம் நன்றாகப் பேசுகிறதா இல்லையா என்பதை வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) நடுவிலுள்ள கரும்பூச்சான கரணையே தீர்மானிக்கிறது என்ற கருத்து ஆய்வுலகில் வேரூன்றிப்போயிருக்கிறது. அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் காட்டப்படுவது இயற்பியலாளர் சி. வி. ராமனின் ஒரு கட்டுரை. இந்தியத் தோற்கருவிகளைப் பற்றிய அக்கட்டுரை, இந்திய அறிவியல் அகாதெமியின் நடவடிக்கைகளின் முதல் தொகுதியில் (1934–35) வெளிவந்தது. பின்னால் வந்த ஓர் ஆய்வு மரபு அதிலிருந்து எடுத்த முடிவு, கட்டுரை தருவதைவிட மிகப் பெரியது. இங்கே மறுக்கப்படுவது அந்த முடிவு மட்டுமே. ராமனின் கண்டுபிடிப்பில் கைவைக்க எந்தக் காரணமும் இல்லை.

ராமன் காட்டியது என்ன? இழுத்துக் கட்டிய வெறும் வட்டத்தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். கரணை பூசிய தோலிலோ முதல் ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து ஒத்திசைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் இதைச் சுருக்கமாக அறிவித்திருந்தார். விரிவான கட்டுரையில் தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு, வேறோரிடத்தில் தட்டி, மணல் ஒதுங்கும் கோடுகளைப் படமாகவே தந்தார். மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமலும் வைத்து, ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தட்டும் மீட்டுச் சொல்லுக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. வித்வானின் மோதிர விரல் செய்வதும் ராமனின் விரல் செய்ததும் ஒரே வேலை. அடிப்படை அதிர்வை அடக்கி அடுத்ததை எழுப்புவதுதான் அது.

ஆனால் மணல் ஒரு சாட்சி என்றால், அது தான் கண்டதை மட்டுமே சொல்ல முடியும். தோல் எங்கே அசையாமல் நிற்கிறது என்பதை மணல் சொல்லும். ஒரு தோலுக்கும் அதன்மேல் படிந்த இன்னொரு தோலுக்கும் இடையே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு நொடிக்குள் எத்தனை முறை தொடுதலும் விலகலும் நடக்கின்றன என்பதைச் சொல்லாது. பின்னாளில் வந்த கணித மாதிரிகளும் நடுவில் கனத்த, ஓரத்தில் இலேசான தோல் என்ற அளவிலேயே கருவியைக் கண்டன. 1954-இல் ராமகிருஷ்ணாவும் சோந்தியும் வெளியிட்ட மாதிரி இவற்றுள் புகழ்பெற்றது. கணக்குக்கு அது போதும். மிருதங்கத்தை மதிப்பிட அது போதும் என்று பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

மூட்டு (தோல் அடுக்குகளை விளிம்பில் இணைத்த தலைப்பகுதி) கட்டுபவரின் கையைக் கவனித்தால் சிக்கல் எங்கே என்று தெரியும். வலந்தலையின் முழுத்தோலான கொட்டுத்தட்டின்மேல் வளையமாகப் படிந்திருப்பது வெட்டுத்தட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே சின்னச்சின்னக் குச்சிகளைச் சக்கரத்தின் ஆரங்கள்போலச் செருகுகிறார்கள். அதுவே குச்சி மிருதங்கம். குச்சிக்குப் பதிலாகப் பொடித்த கல்லைப் போட்டால் கப்பி மிருதங்கம். குச்சியைச் செருகியதும் சாப்பு என்னும் திறந்த சொல்லை வலந்தலையில் ஒருமுறை வாசித்துப் பார்க்கிறார்கள். ஒலி அடைத்தாற்போல இருந்தால் ஒரு குச்சியைச் சற்று வெளியே இழுக்கிறார்கள். இரைச்சல் மிகுந்தால் உள்ளே தள்ளுகிறார்கள், இல்லையேல் எடுத்தே விடுகிறார்கள். கரணையை அப்போது யாரும் தொடுவதில்லை. சுருதியும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. ஆனால் கேட்பவர் காதுக்கு அது வேறு மிருதங்கம்.

கரணையே எல்லாம் என்ற கருத்துக்குச் சரியான எதிர்ச்சோதனை மும்பையிலேயே கிடைக்கிறது. தாராவிக்கு அடுத்த மாஹிம், தபலா மேதைகள் அல்லா ரக்காவும் ஜாகிர் உசேனும் வாழ்ந்த பகுதி. தபலாவின் வலக்கருவியிலும் கரணை உண்டு. ராமன் கண்ட ஒத்திசை வரிசை அதற்கும் பொருந்தும். மிருதங்கத்தில் உள்ளதுபோல விளிம்பைச் சுற்றிக் குச்சி அடுக்குவது அங்கே வழக்கமில்லை. நாதத்தைக் கரணைதான் முடிவுசெய்கிறது என்றால், ஒரே சுருதியில் சேர்த்த இரண்டு கருவிகளும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்க வேண்டும். ஒரே மேடையில் இரண்டையும் கேட்ட எவரும் அப்படிச் சொல்லமாட்டார். தபலாவின் ஒலி தெளிந்த மணியொலி; மிருதங்கத்தின் சாப்பிலோ உலோகம் உரசுவதுபோன்ற ஒரு கரகரப்பு கூடவே வருகிறது. குடத்தின் வடிவமும் மரமும் இந்த வேறுபாட்டில் பங்குபெறலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் குச்சியை நீக்கியதும் கரகரப்பு தணிந்துவிடுவதை அவற்றால் விளக்க முடியாது.

இந்தக் கரகரப்பை விளக்குவதற்கான திறவுகோலும் ராமனிடமே இருந்தது என்பது வேடிக்கை. 1921-இல் அவர் தம்பூரா, வீணை ஆகியவற்றில் தந்தியைத் தாங்கும் குதிரையைப் பற்றி எழுதினார். தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் எந்த மேலொலி எழக்கூடாது என்று பழைய விதி சொன்னதோ, அந்த மேலொலியே இக்கருவிகளில் பலமாக எழுவதை அவர் கண்டார். அகன்று வளைந்த குதிரைமேல் தந்தி பட்டுப்பட்டு விலகுவதே காரணம். தம்பூராவில் ஜீவா என்னும் நூல் அந்தத் தொடுதலைச் சரிசெய்கிறது. மிருதங்கக் குச்சியின் வேலையும் இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு. தந்தி பற்றிய கட்டுரையை ஒரு துறையினரும் தோல் பற்றிய கட்டுரையை இன்னொரு துறையினரும் தனித்தனியே படித்ததால்தான் இந்த உறவு கண்ணில் படவில்லை.

இதேபோன்ற ஒரு திருத்தம், தோல்முகம் கொண்ட தந்திக்கருவியான அமெரிக்கப் பாஞ்சோவின் ஆய்விலும் நடந்தது. புளூகிராஸ் பாஞ்சோவைச் சரிசெய்பவர்கள் தோலைத் தட்டி, ஜி-ஷார்ப்பை ஒட்டிய ஒலி வரும்வரை சுற்றியுள்ள கொக்கிகளை முறுக்குவது வழக்கம். மழைக்குத் தொய்ந்துவிடும் தோலை விட்டு 1950-களின் இறுதியிலிருந்து அவர்கள் மைலார் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். எனவே இறுக்கத்தை ஓர் எண்ணாகவே குறித்துக்கொள்ள முடிகிறது. ஆனாலும் ஒரே இறுக்கத்தில் உள்ள இரண்டு பாஞ்சோக்கள் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. 2004-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் பொலிட்சர் பாஞ்சோவின் கணீர் ஒலிக்கான காரணத்தைத் தோலில் மட்டும் தேடவில்லை. குதிரை அசையும்போது தந்தியின் இழுவிசை கூடிக்குறைவதில் தேடினார். அவர் வாதம் முழுதும் நிலைக்குமா என்பது வேறு கேள்வி. தோலின் அதிர்வெண்ணை அளந்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் அங்கேயும் ஆட்டம் கண்டது என்பதே இங்கு முக்கியம்.

மும்பையின் பருவநிலை இந்த வாதத்துக்கு ஆண்டுதோறும் ஒரு சோதனைக்கூடம் திறந்துவைக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தோல் ஈரத்தை இழுத்துத் தொய்கிறது. மாட்டுங்காவை ஒட்டிய சண்முகானந்தா அரங்கிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலோ குளிர்சாதனம் ஓடினால் அதே தோல் காய்ந்து சுருதி ஏறுகிறது. கல்லும் புள்ளும் (மரக்கட்டையும்) கொண்டு மூட்டைத் தட்டிச் சுருதியைச் சேர்த்துவிடலாம். சுருதி சேர்ந்த பிறகும் வித்வான் முகம் சுளிப்பது ஏன்? ஈரத்தில் இரண்டு தட்டுகளும் ஒட்டிக்கொண்டு குச்சியை அழுத்திவிட்டன, சாப்பு திறக்கவில்லை. சுருதிமானி இதைக் காட்டாது. அருகில் வைத்த ஒலிவாங்கி ஓரளவு காட்டும், ஆனால் மிகைப்படுத்தும். ஒலிவாங்கி வேண்டாம் என்று மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பிடிவாதம் பிடித்ததை வெறும் பழமைப்பற்று என்று தள்ளுபவர்கள் இதையும் யோசிக்கலாம்.

தோல் பற்றிய சான்றும் விளிம்பையே சுட்டுகிறது. மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். இந்தப் பொருளை வெளிப்படையாகப் பேசிய நூல் பாடகர் டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ (2020). வெட்டுத்தட்டுக்கு எந்த மாட்டுத்தோல் என்பதில் கைவினைஞர் காட்டும் கண்டிப்பு, ஓரம் வெறும் சட்டம் என்று எண்ணினால் பொருளற்றதாகிவிடும். மும்பையில் இது சட்டச் சிக்கலும்கூட. பசுவதையை முன்பே தடைசெய்திருந்த மகாராஷ்டிரம் 2015-இல் காளையையும் எருதையும் அத்தடைக்குள் கொண்டுவந்தது. திருநெல்வேலித் தமிழர்கள் தோல் பதனிட வந்து குடியேறிய தாராவியிலும், இறைச்சிக் கூடம் இருக்கும் தேவ்னாரை அண்டிய செம்பூரிலும் இனி எருமையும் ஆடும்தான் மிச்சம்.

செயற்கை மிருதங்கம் வந்துவிட்ட பிறகு குச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரின் கே. வரதரங்கன் கண்ணாடியிழைக் குடமும் செயற்கைப் படலமும் கொண்டு உருவாக்கிய கருவி மழைக்கு அஞ்சாது என்பது உண்மையே. பயணத்துக்கும் அது வசதி. சாப்பின் நாதத்தில் தோலுக்கு நிகராக அதை ஏற்றுக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று மேடைகளைப் பார்த்தாலே தெரியும். காதின் தீர்ப்பு அகவயமானது என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. அகவயமானதாகவே இருக்கட்டும், குச்சியை எடுத்துவிட்டு மறுபடி வாசிக்கச் சொன்னால், வேறுபாட்டை இசை அறியாதவரும் சொல்லிவிடுவார்.

எனவே இனி மிருதங்க ஒலியைப் பதிவுசெய்து வரைபடமாக்கும் ஆய்வாளர்கள் சுருதியோடும் கரணையின் அளவோடும் நிறுத்திக்கொள்ள வேண்டாம். குச்சியா கப்பியா, எத்தனை, எந்தப் பக்கம், வெட்டுத்தட்டு எந்தத் தோல், அன்றைய ஈரப்பதம் எவ்வளவு என்பவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே கருவியைக் குச்சியோடும் குச்சியின்றியும், ஜூலையில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் பதிவுசெய்ய வேண்டும். மூட்டு கட்டியவரின் பெயரையும் கட்டுரையில் போட வேண்டும்.