கொச்சியை எண்ணிப் பார்த்தவர்கள்

தமிழ்நாட்டிலிருந்து இரவுப் பேருந்தில் கொச்சிக்குச் செல்பவருக்கு நகரம் தொடங்குமிடம் வைட்டிலா. 'வயல் தலை' என்பதே மருவி வைட்டிலா ஆயிற்று என்பது ஊரார் சொல்லும் பெயர்க்காரணம். சொல்லாய்வாளர் இதை ஏற்பாரோ மாட்டாரோ, தமிழ்ச் செவிக்கு அது விளக்கம் வேண்டாத சொல். அந்த வயல்கள் இன்று பெரும்பாலும் இல்லை. அவை இருந்த பகுதியில் 2011இல் பேருந்து நிலையம் ஒன்று பெரிய அளவில் திறக்கப்பட்டது. 2019இல் மெட்ரோ ரயிலும் 2023இல் காயல்வழிச் செல்லும் நீர் மெட்ரோவும் அங்கு வந்து சேர்ந்தன. சற்றுத் தெற்கே குண்டன்னூரில் தொடங்கும் சாலை, எண்கள் மாற்றப்படுவதற்கு முன், கொச்சி–மதுரை–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றிருந்தது. மேலைக் கடலின் துறைமுகமொன்றையும் 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த கீழைக் கடலின் துறைமுகமொன்றையும் ஒரே எண்ணால் கட்டிய சாலை அது.

வைட்டிலாவில் இறங்கி மட்டாஞ்சேரிக்குச் செல்பவரின் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். சில சதுரக் கிலோமீட்டர் பரப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட சமூகங்கள் வாழ்கின்றன என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. யூதர், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன்கள், சமணர், தக்கணி முஸ்லிம்கள், தமிழ் வண்ணார் எனப் பெயர்கள் நீளும். இந்தப் பட்டியல் போடும் வழக்கம் கையேடுகளோடு தொடங்கியதன்று. அதற்கு அறுநூறு ஆண்டு வரலாறு உண்டு. ஒவ்வொரு பட்டியலிலும் யார் இடம்பெற்றனர், யார் விடுபட்டனர் என்று பார்க்கும்போதுதான் நகரத்தின் உள்ளமைப்பு தெரியத் தொடங்குகிறது.

முதல் விரிவான பட்டியல் சீனருடையது. செங் ஹ தலைமையில் சென்ற மிங் பேரரசின் கப்பற்படையில் 1413இல் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த மா ஹுவான், கொச்சி மக்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து எழுதினார். அரசனைச் சார்ந்த மேற்குலத்தார் முதல் வகுப்பு. முஸ்லிம்கள் இரண்டாவது. அவர் 'செதி' என்று ஒலிபெயர்த்த செட்டிகள் மூன்றாவது வகுப்பினர், செல்வர்கள், மிளகையும் முத்தையும் மணிகளையும் வாங்கிச் சேர்த்துவைத்து அயல்நாட்டுக் கப்பல்களுக்குக் காத்திருப்பவர்கள். நான்காவது வகுப்பினர் 'கெலிங்'. இவர்கள் தரகர்கள். ஐந்தாவது, கடற்கரையில் வாழும் முக்குவர்.

இப்பட்டியலில் தமிழாய்வாளரின் கண் முதலில் மூன்றாம், நான்காம் வகுப்புகளில் நிற்பது இயல்பு. கெலிங் என்பது மலாய் உலகில் தமிழரையும் தெலுங்கரையும் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல். செட்டிகளைப் பற்றிய ஐயத்தை ஒரு நூற்றாண்டுக்குப் பின் எழுதிய போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பார்போசா பெருமளவு தீர்க்கிறார். கண்ணூரில் எழுத்தராகப் பணியாற்றி மலையாளம் நன்கறிந்திருந்த அவர், மலபார்ச் செட்டிகள் சோழமண்டலக் கரையைச் சேர்ந்த அயலார் என்றும், அவர்களுடைய மொழிக்கும் மலபார் மொழிக்குமுள்ள வேறுபாடு காஸ்டிலியத்துக்கும் போர்ச்சுக்கீசியத்துக்கும் உள்ளது போன்றது என்றும் குறிக்கிறார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழும் மலையாளமும் ஒரு வெளியாளின் காதில் எவ்வளவு தொலைவில் ஒலித்தன என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று கிடைப்பது அரிது. மொழிப்பிரிவின் காலத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு மட்டுமே வாதிடுவோர் இந்த ஒரு வரியையும் அருகில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மா ஹுவானின் பட்டியலில் அதிகம் பேசப்பட வேண்டியது ஐந்தாம் வகுப்பு. முக்குவரின் வீட்டுக் கூரை விளிம்பு மூன்று சீன அடிக்கு மேல் உயரக் கூடாது. மேலாடை தொப்புளுக்குக் கீழும் கீழாடை முழங்காலுக்குக் கீழும் இறங்கக் கூடாது. வழியில் மேற்குலத்தாரையோ செட்டிகளையோ எதிர்ப்பட்டால் தரையில் விழுந்து, அவர்கள் கடந்த பின்னரே எழ வேண்டும். இவற்றையெல்லாம் அவர் கண்டனமோ வியப்போ இன்றி, மழைக்காலத்தையும் பணத்தின் எடையையும் எழுதிய அதே நடையில் எழுதிச் செல்கிறார். கொச்சியின் பன்மைப் பண்பாட்டுக்கு முதல் சாட்சியாக இன்று எடுத்துக்காட்டப்படும் ஆவணத்திலேயே அப்பன்மையின் படிநிலையும் பதிவாகியுள்ளது. சீனரின் தரகரும் சோழமண்டலத்து வணிகரும் அந்நகரில் நிமிர்ந்து நடந்தனர். வந்தாரை வாழவைத்த நகரம் என்ற தொடரைக் கையாள்வோர், அங்கேயே பிறந்தவர் யாருக்காகத் தரையில் விழுந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விழுந்தவர் எழுதிய பயணக் குறிப்பு எதுவும் நம்மிடம் இல்லை.

விடுபட்டவர்களும் உண்டு. மட்டாஞ்சேரியை அடுத்த கொச்சங்காடியில் இருந்த யூதத் தொழுகைக் கூடத்தின் 1344ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்று பரதேசி யூதத் தொழுகைக் கூடத்தில் பதிக்கப்பட்டுள்ளது. எனவே மா ஹுவான் வருவதற்குச் சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே யூதர் அங்கிருந்தனர். அவருடைய ஐவகையில் அவர்களுக்கும், சிரியன் கிறித்தவர்களுக்கும் தனி இடமில்லை. முஸ்லிம்களைக் குறிக்க அவர் ஆண்ட சீனச் சொல் அக்காலத்தில் சிலபோது யூதரையும் உள்ளடக்கியது. அதனால் இருவரும் ஒரே வகுப்பில் கலந்திருக்கலாம். தாமும் ஒரு முஸ்லிமாக இருந்த அந்த மொழிபெயர்ப்பாளர் யாரோடு பேசினார், யார் வீட்டில் உண்டார் என்பதைப் பொறுத்தே பட்டியல் அமைந்தது போலும். எந்தக் கணக்கெடுப்பாளருக்கும் இது பொருந்தும்.

போர்ச்சுக்கீசியர் காலத்தில் நகரம் இரண்டாயிற்று. கோட்டைக்குள் இருந்தது அவர்களுடைய சாந்தா குரூஸ். சில கிலோமீட்டர் தள்றி, அரசரின் காப்பில் இருந்தது மட்டாஞ்சேரி. இவ்விரண்டுக்கும் இடையிலான குறுகிய தொலைவில் தமிழ் அச்சு வரலாற்றின் ஒரு முதன்மை நிகழ்வு நடந்தது. கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கத்தை எல்லோரும் அறிவர். அடுத்த ஆண்டு நவம்பரில் கிரிசித்தியானி வணக்கம் அச்சானது கொச்சியில். 1580இல் பாவசங்கீர்த்தனக் கையேடும் அங்கேயே அச்சேறியது. இந்நூல்களின் பின்னிருந்தவர் என்றிக்கே என்றிக்கேசு. அவர் எழுதியது முத்துக்குளித்துறைப் பரதவருக்காக. அப்பரதவரின் தலைவர்களே 1530களில் கொச்சிக்கு வந்து திருமுழுக்குப் பெற்றுப் போர்ச்சுக்கீசியரின் துணையைத் தேடியவர்கள். ஆக, தூத்துக்குடிக் கரையின் சமய, அரசியல் வாழ்வு அந்நூற்றாண்டில் கொச்சியைத் தலைநகராகக் கொண்டிருந்தது என்றாலும் மிகையாகாது. கோவாவை மட்டுமே நோக்கும் வரலாறுகள் இதைத் தவறவிடுகின்றன.

என்றிக்கேசு யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பிறப்பு போர்ச்சுக்கீசியத் திருச்சபைக்குள் அவருக்குத் தடையாக நின்றதுண்டு. கோவாவில் சமய விசாரணை மன்றம் 1560இல் நிறுவப்பட்டது. பரதேசி யூதர்கள் 1568இல் மட்டாஞ்சேரி அரண்மனையின் கோயிலை ஒட்டியே தங்கள் தொழுகைக் கூடத்தைக் கட்டினர். அதற்குப் பதினோராண்டு கழித்து, அதே நகரின் மறுபாதியில், யூதப் பிறப்பை முழுதும் கடக்க முடியாத ஒருவரின் தமிழ்நூல் அச்சானது. இரு இடங்களுக்கும் இடையே ஒருவர் நடந்தே போய்வரலாம். நடந்தவர் யார், நடக்க அஞ்சியவர் யார் என்பதற்கு விடையில்லை. 1662இல் டச்சுக்காரரின் முதல் முற்றுகை தோற்றதும் போர்ச்சுக்கீசியர் அந்தத் தொழுகைக் கூடத்தைத் தீக்கிரையாக்கினர்.

இன்று அக்கூடத்துக்கு வருவோர் தரையிலுள்ள சீன ஓடுகளைப் பார்த்துத் திரும்புகின்றனர். பதினோராம் நூற்றாண்டின் வாயிலில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு அச்சமூகத்தின் உடைமை என்பதை அறிந்து வருவோர் குறைவு. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதன் மொழியைப் பழைய மலையாளம் என்பார் ஒரு சாரார், மேலைக் கரைத் தமிழ் என்பார் மற்றொரு சாரார். அந்த வழக்கு இங்கு வேண்டாம்.

டச்சுக் காலத்தைப் போற்றுவோர் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸைக் காட்டுவர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூலுக்கு ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் கொங்கணிப் பிராமணர் மூவரும் அளித்த சான்றுரைகள் அவரவர் எழுத்திலேயே அச்சாயின. உள்ளூர் அறிவுக்கு ஐரோப்பியர் பெயரிட்டு நன்றி சொன்ன அரிய தருணம் அது, ஐயமில்லை. ஆனால் அதே டச்சு நிர்வாகம் விட்டுச்சென்ற மற்றொரு வகை ஆவணமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கொச்சியில் மனிதர்களை விற்று வாங்கியதற்கான பத்திரங்கள் அவை. லிண்டா எம்பெக்கியும் மத்தியாஸ் வான் ரோசமும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இவற்றை அடிப்படையாகக் கொண்டது. வாங்கியவர், விற்றவர், விற்கப்பட்டவரின் வயது, சாதி ஆகியவை அவற்றில் எழுதப்பட்டுள்ளன. கொச்சியில் விற்கப்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் வரை கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு 'வான் மலபார்' என்பது அவர்களுக்குப் பெயரின் பின்னொட்டாயிற்று. மா ஹுவான் பட்டியலின் கடைசி வகுப்புக்கும் கீழே இருந்தவர்கள் பெயரோடு, அதுவும் பெரும்பாலும் புதிதாகச் சூட்டப்பட்ட பெயரோடு, எழுத்தில் இடம்பெற்றது விற்பனைப் பொருளான பின்னர்தான். கொச்சி டச்சு ஆவணங்களின் பெரும் தொகுதி சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழக வரலாற்று மாணவர்களில் டச்சு மொழி கற்போர் விரல்விட்டு எண்ணத்தக்கவர் என்பது வருத்தத்துக்குரியது.

டச்சுக்காரரால் கொண்டுவரப்பட்டவர்களாகத் தம்மைக் கூறிக்கொள்ளும் தமிழ்ச் சமூகம் கோட்டைக் கொச்சியில் இன்னும் உள்ளது. படையினரின் சீருடைகளை வெளுப்பதற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக வண்ணார் குடும்பங்கள் சொல்கின்றன. வேளி என்னுமிடத்தில் உள்ள தோபி கானாவின் இப்போதைய கட்டடம் 1970களில் எழுந்தது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகிக் காயவைப்பதும், அரிசிக் கஞ்சி போடுவதும், கரிப்பெட்டியால் தேய்ப்பதும் ஒளிப்படக்காரர்களுக்கு விருந்து. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று பல தலைமுறைகளாக வாழும் இவர்களைப் பட்டியல்கள் 'வண்ணமயமான பன்மை'யின் எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றன. ஒரு தொழிலை ஒரு சாதிக்கே உரியதாக்கிக் கப்பலேற்றிய முறையும் அப்படங்களில் தெரியத்தான் செய்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நல்ல செய்தி ஒன்றையும் சொல்லிவிடலாம். 1881இல் கொச்சியில் கேரள மித்ரம் என்ற மலையாள இதழைத் தொடங்கியவர் தேவ்ஜி பீம்ஜி என்ற குஜராத்தியர். அயலார் ஒரு மொழிக்குத் தொண்டு செய்ய அந்நகரம் இடம்கொடுத்தது.

அதே நகரம் தன் சொந்த மக்களுக்கு நிலத்தில் இடம்கொடுக்கவில்லை. 1913இல் புலையர் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க விரும்பியபோது எறணாகுளத்தின் நிலத்தில் அவர்கள் கூட்டம் நடத்த முடியவில்லை. அரையர் குலத்தில் பிறந்த கவிஞர் பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் ஒரு வழி கண்டனர். வள்ளங்களை ஒன்றோடொன்று பிணைத்துக் காயலின் நடுவே கூட்டம் நடந்தது. அரசரின் தடை மண்ணுக்கு, நீருக்கு இல்லை. காயல் சம்மேளனம் என்று அது அறியப்படுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் மட்டாஞ்சேரியின் பரதேசித் தொழுகைக் கூடத்திலும் ஒரு பிரிவினர், அடிமை வழிவந்தோர் என்று ஒதுக்கப்பட்டு, முன்கூடத்திலேயே நிறுத்தப்பட்டனர். அவர்களில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் பின்னர் அங்கே சத்தியாக்கிரகம் நடத்தினார். காந்தியின் வழி யூதத் தெருவுக்குள் நுழைந்த கதை அது. அத்தெருவின் பழம்பொருள் கடைகளில் அதைக் கேட்டறிய முடியாது. 1913இன் வள்ளங்கள் மிதந்த காயலில் இன்று நீர் மெட்ரோ படகுகள் செல்கின்றன.

வைட்டிலாவில் வந்திறங்கும் இன்றைய பயணியருள் வங்காளம், அசாம், ஒடிசாவிலிருந்து வேலை தேடி வருவோர் பெரும் எண்ணிக்கையினர். அவர்களுக்கு முன்பே அவ்வழியில் வந்த தமிழர், துறைமுகத்தை ஒட்டிய வாத்துருத்தியில் நெருக்கமான வாடகை அறைகளில் குடியேறினர். திண்டுக்கல், தேனி, மதுரைப் பகுதிகளின் பேச்சு அங்குக் கேட்கும். சாலையும் கட்டடமும் வேண்டும் நகரம் அவர்களைக் காலையில் அழைத்து மாலையில் மறக்கிறது. கேரளத்திலுள்ள வெளிமாநிலத் தொழிலாளர் 25 இலட்சம் என்று 2013இல் குலாட்டி நிதி, வரி ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. நெடுந்தொலைவு ரயில்களில் வருவோரைக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட மதிப்பீடு அது. தேனியிலிருந்து இரவுப் பேருந்தேறி விடியலில் வைட்டிலாவில் இறங்கும் கொத்தனார் அத்தகைய கணக்கில் எளிதில் அகப்படமாட்டார்.