மதுரைக் கண்மாய்கள்

மதுரைக் கண்மாய்கள் என்பவை மதுரை நகரிலும் அதனைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலும் மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்குவதற்காக அமைக்கப்பட்ட நீர்நிலைகள் ஆகும். பாசனத்துக்காக வெட்டப்பட்ட இவை, நிலத்தடி நீரைப் பெருக்குதல், வெள்ளத்தைத் தாங்குதல், வெப்பத்தைத் தணித்தல் ஆகிய பணிகளையும் செய்கின்றன. காலநிலை மாற்றத்தால் கோடை வெப்பமும் குறுகிய நேரப் பெருமழையும் கூடிவரும் நிலையில், மதுரை தொடர்ந்து மக்கள் வாழத்தக்க இடமாக இருப்பது பெருமளவு இக்கண்மாய்களைப் பொறுத்தது.

பெயர்

தமிழ்நாட்டின் வடபகுதியில் ஏரி என்றும், திருநெல்வேலிப் பகுதியில் குளம் என்றும் வழங்கப்படும் பாசன நீர்நிலை, பாண்டிய நாட்டில் கண்மாய் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இது கம்மாய் என்றாகும். குடிநீருக்காக மட்டும் பேணப்படும் சிறிய நீர்நிலை ஊருணி எனப்படும்.

தட்பவெப்பப் பின்னணி

மதுரை மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையளவு சுமார் 85 செ.மீ. ஆகும். இதில் அதிகப் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. வருசநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. சில வாரங்களில் பெய்யும் மழையைப் பல மாதங்களுக்குச் சேமித்தால் மட்டுமே இச்சமவெளியில் வேளாண்மையும் குடியிருப்பும் இயலும். கண்மாய்கள் இத்தேவையின் அடிப்படையில் தோன்றியவை.

அமைப்பு

கண்மாய் தனித்து இயங்குவதில்லை. மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்ததும் உபரிநீர் அடுத்த கண்மாய்க்குச் செல்லும். இவ்வாறு பல கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்துள்ளன. ஒவ்வொரு கண்மாயிலும் பின்வரும் பகுதிகள் உண்டு.

- கரை: சரிவின் தாழ்ந்த பக்கத்தில் வில் போல் வளைந்து அமையும் மண் அணை.
- வரத்துக்கால்: ஆற்றிலிருந்தோ மேல் கண்மாயிலிருந்தோ நீர் கொண்டுவரும் கால்வாய்.
- மடை: வயலுக்கு நீர் திறக்கும் வாயில்.
- கலுங்கு: கொள்ளளவுக்கு மேற்பட்ட நீர் வழிந்தோடும் கட்டுமானம். இவ்வாறு வழிவதை மறுகால் பாய்தல் என்பர்.
- ஆயக்கட்டு: கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம்.

இவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதுபட்டாலும் தொடர் முழுவதும் பாதிக்கப்படும். வரத்துக்கால் அடைபட்டால் மழைக்காலத்திலும் கண்மாய் வறண்டிருக்கும். மறுகால் செல்லும் வழி அடைபட்டால் அதே நீர் தெருக்களில் புகும்.

வரலாறு

நிலம் குழிந்த இடமெல்லாம் நீர்நிலை அமைக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் அறிவுறுத்துவதைப் புறநானூற்றின் 18 ஆம் பாடல் கூறுகிறது. பாண்டியர் கல்வெட்டுகளில் மதுரை நகரம் 'மாடக்குளக்கீழ் மதுரை' எனக் குறிக்கப்படுகிறது. மாடக்குளம் கண்மாயை வைத்தே தலைநகரம் அடையாளப்படுத்தப்பட்டமை குறிப்பிடத்தக்கது. திருமலை நாயக்கர் 1645 இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமும் வைகையிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறும் வகையில் கட்டப்பட்டது.

கண்மாய்களை ஊர் மக்களே கூடித் தூர்வாரிப் பராமரிக்கும் முறை குடிமராமத்து எனப்பட்டது. பிரித்தானியர் ஆட்சியில் பொறுப்பு படிப்படியாக அரசிடம் சென்றதால் இம்முறை நலிந்தது. 1876–78 ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்துக்குப் பின், ஜான் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 இல் பயன்பாட்டுக்கு வந்தது. மேற்கு நோக்கி ஓடிய நீர் மலைச் சுரங்கம் வழியாக வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. மேலூர் வரையிலான பல கண்மாய்கள் பெரியாற்றுப் பாசனத்துடன் இணைந்தன. வைகை அணை 1959 இல் திறக்கப்பட்டது.

நகர வளர்ச்சி

தல்லாகுளம், பீபிகுளம், சம்பக்குளம் போன்ற நகர்ப் பகுதிகளின் பெயர்கள் நீர்நிலைகளை நினைவூட்டுகின்றன. ஆயக்கட்டு வயல்கள் வீட்டுமனைகளாக மாறியபின் மடைக்குத் தேவையில்லாது போயிற்று. பயன்படுத்துவோர் இல்லாத கண்மாயைப் பேணுவோரும் இல்லாது போயினர். வரத்துக்கால்கள் கழிவுநீர்க் கால்வாய்களாயின. கிருதுமால் நதி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஆக்கிரமிப்பு ஏழை மக்களின் குடிசைகளால் மட்டும் நிகழ்ந்ததன்று. அரசுக் கட்டடங்களும் கண்மாய் நிலத்தில் எழுந்துள்ளன. 2004 இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் அமைந்துள்ளது.

காலநிலை மாற்றமும் வாழ்தகைமையும்

வெள்ளம்: புவியின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயரும்போது கடும் மழைப்பொழிவின் தீவிரம் சுமார் 7 விழுக்காடு கூடும் எனக் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக்குழு 2021 இல் தெரிவித்தது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. மழை பெய்தது. செல்லூர், நரிமேடு உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுசெல்லும் பந்தல்குடி வாய்க்கால் அதனைத் தாங்கவில்லை. இதன் பின்னர் கண்மாயிலிருந்து வைகைக்குப் புதிய கால்வாய் அமைக்கத் தமிழக அரசு நிதி ஒதுக்கியது.

1 சதுர கி.மீ. பரப்பும் 1 மீட்டர் ஆழமும் உள்ள வெற்றிடம் 100 கோடி லிட்டர் நீரைக் கொள்ளும். 10 சதுர கி.மீ. நிலத்தில் பெய்யும் 10 செ.மீ. மழை முழுவதும் இதில் அடங்கும். எனவே, கண்மாயில் படியும் ஒவ்வோர் அடி வண்டலும் கொட்டப்படும் ஒவ்வொரு வண்டிக் குப்பையும் அதே அளவு நீரைத் தெருவுக்குத் தள்ளுகின்றன.

வெப்பம்: தமிழக அரசு 2024 இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கண்மாய் நீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கரை மரங்கள் நிழல் தருகின்றன. ஆயினும், ஈரப்பதம் கூடினால் வியர்வை உலர்வது குறையும். பகலில் சூடான நீர் இரவில் மெல்லவே குளிரும். ஆகையால், நிழலும் காற்றோட்டமும் சேர்ந்தால்தான் நீர்நிலையின் பயன் முழுமை பெறும்.

குடிநீர்: மதுரையின் குடிநீர் வழங்கல் நீண்டகாலமாக வைகை அணையைப் பெரிதும் சார்ந்து வந்துள்ளது. அணை வறளும் ஆண்டுகளில் கிணறும் ஆழ்துளைக் கிணறும் துணை. நீர் தேங்கும் கண்மாய் சுற்றுப்புறத்தின் நிலத்தடி நீரை ஊட்டுகிறது. கழிவுநீர் தேங்கும் கண்மாய் அதே வழியில் நிலத்தடி நீரைக் கெடுக்கிறது.

சட்டமும் மீட்பும்

நீர்நிலைகளைப் பொதுச் சொத்தாகக் காக்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001 இல் இஞ்சு லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் 2007 இல் இயற்றப்பட்டது. 2017 இல் குடிமராமத்து என்ற பெயரில் அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற உழவர் அமைப்புகள் மூலம் கண்மாய்களைச் சீரமைத்து வருகிறது.

மேலூர் அருகேயுள்ள அரிட்டாபட்டி 2022 இல் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அரசுக் குறிப்பின்படி இங்கு 72 ஏரிகளும் 200 இயற்கைச் சுனைகளும் உள்ளன. இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் மக்கள் போராடினர். நடுவண் அரசு 2025 சனவரியில் ஏலத்தை இரத்து செய்தது.

சிக்கல்கள்

கண்மாய் மீட்பில் இருவேறு நியாயங்கள் மோதுகின்றன. வேறிடம் இன்றிக் கண்மாய் நிலத்தில் குடியேறி, வரி செலுத்தி, மின் இணைப்பும் பெற்றுப் பல்லாண்டுகள் வாழ்ந்தோர் வெளியேற்றப்படும்போது, நகரின் பாதுகாப்புக்கான விலையை ஏழைகளே செலுத்த நேர்கிறது. தொழிலிடத்திலிருந்து தொலைவில் தரப்படும் மாற்று வீடு, வாழ்வாதாரத்தை ஈடுசெய்வதில்லை. மறுபுறம், வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் இத்தாழ்ந்த குடியிருப்புகளே. அரசுக் கட்டடங்களுக்கும் தனியார் மனைகளுக்கும் ஒரே அளவுகோல் இல்லாதவரை இம்மோதல் தீராது.

அழகுபடுத்தல் என்ற பெயரில் கரையைச் சிமெந்தால் மூடி நடைபாதை அமைப்பதும் வினாவுக்குரியது. வரத்துக்காலும் மறுகால் வழியும் திறந்திருத்தல், கழிவுநீர் கலவாதிருத்தல், கொள்ளளவு குறையாதிருத்தல் ஆகிய மூன்றுமே கண்மாயின் உயிர்நிலைகள் ஆகும்.

பிற நாடுகளில்

இலங்கையின் உலர் வலயத்தில் உள்ள தொடர் குளங்களை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபு அமைப்பாக ஏற்றுள்ளது. சீனாவில் மழைநீரை நகரத்துக்குள்ளேயே உறிஞ்சித் தேக்கும் 'பஞ்சு நகர' முன்னோடித் திட்டம் 2015 இல் சில நகரங்களில் தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

- வைகை ஆறு
- குடிமராமத்து
- முல்லைப் பெரியாறு அணை
- வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்
- அரிட்டாபட்டி