மெழுகு வாங்கித் தந்த மணல்வெளி

பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே போனால், பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டி அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்துவிடும். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஈஞ்சம்பாக்கம். விடுமுறை நாளில் வி.ஜி.பி. கேளிக்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற கூட்டத்தில், பக்கத்திலேயே இருக்கும் 'சோழமண்டலம்' பலகையைக் கவனிப்பவர்கள் கொஞ்சம்தான். இந்தியாவில் ஓவியர்களும் சிற்பிகளும் தாங்களே இடம் வாங்கி, வீடு கட்டி, தங்கள் படைப்புகளைத் தாங்களே காட்சிக்கு வைத்து விற்ற முன்னோடி முயற்சி அந்த வாசலுக்குள் இருக்கிறது.

தொடக்க ஆண்டு 1966. தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது அவர் எழும்பூர் அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் ஆரம்பித்த பள்ளி அது. பணிக்கருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பிக்கொண்டு நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பணிக்கரின் கவலை கலையைப் பற்றியது மட்டுமல்ல, வயிற்றைப் பற்றியதும்தான். நல்ல கைகள் கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் விளம்பர நிறுவனத்துக்கும் ஜவுளி வடிவமைப்புக்கும் போய்விடும். மாலை மிச்சமிருந்தால் தூரிகையைத் தொடும். அந்தக் காலத்துச் சென்னை வீட்டுச் சுவரில் தஞ்சாவூர்ப் படமும் ரவி வர்மா அச்சும் காலண்டரும் தொங்கின. நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. 1944இல் பணிக்கரும் நண்பர்களும் முற்போக்கு ஓவியர் சங்கம் அமைத்துக் கண்காட்சிகள் நடத்தினார்கள். பார்வையாளர்கள் வந்தார்கள். பாராட்டு கிடைத்தது, வாடகை கிடைக்கவில்லை.

வழி காட்டியது பத்திக். துணியில் உருகிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, பிறகு மெழுகை எடுத்துவிடுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அது விரிசல் விட்ட இடத்தில் மட்டும் சாயம் கசிந்து நரம்புபோல் ஓடும். ஜாவாவில் பேர் பெற்ற இந்த வேலையை ஓவியர்கள் கையில் எடுத்தபோது, படத்தை வாங்கத் தயங்கிய அதே நகரம் துணியை விரும்பி வாங்கியது. 1960களின் முற்பகுதியில் இதற்கென்றே ஓவியர்களின் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. கைவேலையில் வந்த பணத்தைச் சேர்த்துத்தான் ஈஞ்சம்பாக்கத்தில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். பகலில் சில மணி நேரம் கைத்தொழில், மிச்ச நேரம் ஓவியம் என்பது ஏற்பாடு.

ஐரோப்பாவிலும் ஓவியர் குடியிருப்புகள் உண்டு. ஜெர்மனியின் பிரெமன் நகருக்கு அருகில், சதுப்பு நிலத்தை ஒட்டிய வோர்ப்ஸ்வேட கிராமத்தில் 1889இலேயே ஓவியர்கள் குடியேறினார்கள். (சதுப்பு நிலம் என்றதும் பள்ளிக்கரணைக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை வரலாம்.) அவர்களை இழுத்தது ஒளியும் நிலக்காட்சியும். ஈஞ்சம்பாக்கத்தின் கதை வேறு. கடல் அழகுதான், ஆனால் இங்கே முதலில் வந்தது வரவு செலவுக் கணக்கு.

ஆரம்பத்தில் கூரைக் குடிசைகள், மின்சாரம் இல்லை, சுற்றிலும் மணல். அந்த மணலில்தான் ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், கே.வி. ஹரிதாசன், பி. கோபிநாத், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் போன்றவர்கள் வேலை செய்தார்கள். வி. விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் பின்னர் பாரிஸில் குடியேறினார்கள். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் என்று சில பெண் பெயர்கள் இருந்தாலும் பட்டியல் பெரும்பாலும் ஆண்களுடையது. இந்தக் குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

இவர்களில் கே. ராமானுஜம் தனி ரகம். பேச்சு சரளமாக வராது, மனநோயும் இருந்தது. கல்லூரியிலேயே அவரை இனங்கண்டு அரவணைத்தவர் பணிக்கர். தாள் முழுக்க மையால் நெருக்கி நெருக்கி அவர் கட்டிய மாளிகைகள், பறக்கும் உயிரினங்கள், அவற்றுக்கு நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர்: அது அவரேதான். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். வெளியுலகம் சட்டை செய்யாத ஒரு மனிதர் படம் வரைந்துகொண்டே வாழ ஓர் இடம் கிடைத்ததே, அதற்காகவே அந்த 10 ஏக்கரும் தகும் என்று தோன்றுகிறது.

அங்கேயே காட்சிக்கூடமும் வந்தது. படைத்தவரே பக்கத்து வீட்டில் இருக்க, பார்க்க வருபவர் அவரிடமே பேசி வாங்கலாம். விற்ற தொகையில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போகும். அரசு மானியத்தை நம்பி உட்காராமல் இந்த ஓவியர் கிராமம் நின்றது இந்த ஏற்பாட்டால்தான். திறந்தவெளி அரங்கில் நாடகமும் கவிதை வாசிப்பும் நடந்தன. பணிக்கர் 1977இல் காலமான பிறகும் ஊர் கலையவில்லை. தகடுகளை வெட்டி ஒட்டி உலோகச் சிற்பம் செய்த நந்தகோபால் 2017இல் மறையும்வரை அதன் முன்னணியில் இருந்தார்.

2009இல் சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. அதில் பணிக்கர் தலைமுறையினர் வளர்த்த சென்னை ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கு நிரந்தர அருங்காட்சியகமும், வெளிக் கலைஞர்கள் கண்காட்சி நடத்த இண்டிகோ, லேபர்னம் என்ற கூடங்களும் உண்டு. தோட்டத்தில் சிற்பங்கள் நிற்கின்றன. கடற்கரைச் சாலை அகலமாகி, சுற்றிலும் மனை விலை ஏறிய இன்றைய நிலையில், மெழுகும் சாயமும் விற்று இளம் ஓவியர்கள் அங்கே ஒரு கிரவுண்டுகூட வாங்க முடியாது. அந்த வழி மூடிவிட்டது.

படம் மாட்டச் சுவர் கொடுப்பது மட்டும் இன்னும் முடிகிற காரியம். பள்ளிக்கரணை, மேடவாக்கம் பக்கத்து அடுக்ககங்களில் பிறந்தநாள் விழாவுக்குத் திறந்து மூடுகிற சமூகக் கூடங்கள் உண்டு. நலச்சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு வாரம் அதைப் பகுதி ஓவியர்களுக்கு விடலாம். விற்பனையில் ஒரு பங்கைச் சோழமண்டலம் பாணியில் சங்கத்துக்கே எடுத்துக்கொள்ளட்டும், விளக்குச் செலவுக்கு ஆகும்.