டயருக்குள் ஒரு காவல்காரன்

காரைக் கிளப்பியதும் டாஷ்போர்டில் மஞ்சளாக ஒரு படம் தெரியும். குதிரை லாடம் போல இருக்கும், நடுவில் ஆச்சரியக்குறி. அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நம்மூர்க் கார்களிலும் இப்போது வந்துவிட்டது. அது லாடம் இல்லை, குறுக்கே வெட்டிய டயர். காற்று குறைகிறது என்று பொருள்.

1986-லேயே போர்ஷே 959 என்ற காரில் இந்த வசதி இருந்தது. ஆனால் அது கோடீஸ்வரர்களின் வண்டி. சாதாரண மனிதனின் காருக்கு இது வந்ததற்குக் காரணம் சாவுதான்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் நெடுஞ்சாலையில் உருண்டு விழுந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. ஓடும்போதே ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பட்டை உரிந்துகொண்டு போனது. டெக்சாஸ், ஃப்ளோரிடா போன்ற வெயில் பிரதேசங்களில்தான் இது அதிகம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் நசுங்கி நிமிர்கிறது. அந்த அசைவில் சூடேறுகிறது. சூட்டில் உள்ளடுக்குகளின் பிடி விட்டுப்போகிறது. 26 பவுண்டு காற்று போதும் என்று ஃபோர்டு சொல்லியிருந்தது; 30 வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். டயர்தான் கெட்டது என்று ஒருவர், வண்டிதான் கெட்டது என்று மற்றவர். அந்த ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அரசின் கணக்கில் இறந்தவர்கள் 271 பேர்.

நவம்பர் 1-ஆம் தேதி அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். டயரில் காற்று வெகுவாகக் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி புதுக் கார்களில் வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி.

எப்படி எச்சரிப்பது என்பதில் சண்டை வந்தது. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே சக்கரங்களின் சுழற்சியை எண்ணும் கருவி இருக்கிறது. காற்று இறங்கிய சக்கரத்தின் சுற்றளவு குறைவதால் அது சற்று வேகமாகச் சுழலும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பது ஒரு வழி. செலவு குறைவு. ஆனால் நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று இறங்கினால் அன்றைய கருவிக்குத் தெரியாது. நம்மில் பலர் காரில் நடப்பது அதுதானே, மாதக்கணக்கில் நான்கும் சேர்ந்தே இறங்கும்! இன்னொரு வழி, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் வைத்து ரேடியோ அலையில் செய்தி அனுப்புவது.

2002-இல் அரசு விதி இரண்டையும் அனுமதித்தது. பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டது. அதன் தலைவி ஜோன் கிளேபுரூக், முன்பு அதே சாலைப் பாதுகாப்புத் துறைக்குத் தலைவராக இருந்தவர் என்பது சுவாரசியம். 2003-இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. 2005-இல் வந்த புது விதி, எந்த முறையானாலும் சரி, ஒரு டயரிலோ நான்கிலுமோ 25 சதவீதம் காற்று குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும் என்றது. 2007 செப்டம்பர் முதல் அங்கே எல்லாப் புதுக் கார்களுக்கும் அது கட்டாயம்.

சட்டம் முடிந்த இடத்தில் டயர் கடையின் கதை தொடங்கியது. சென்சாருக்குள் இருக்கும் பேட்டரியைத் தனியாக மாற்ற முடியாது, பிசின் ஊற்றி மூடியிருக்கும். ஐந்து முதல் பத்து வருட ஆயுள். வேலை செய்யும் சென்சாரைத் தெரிந்தே செயலிழக்க வைப்பது அங்கே கடைக்காரருக்குக் குற்றம். செத்துப்போன சென்சாரோடு கார் வந்தால்? அதை எடுத்துவிட்டு சாதா ரப்பர் வால்வு போடுவது குற்றமில்லை என்று 2011-இல் அரசுத் துறை விளக்கம் கொடுத்தது. அந்தச் சலுகை எனக்கு ஒப்பவில்லை. இத்தனை உயிர் போய் வந்த விளக்கு, பேட்டரி தீர்ந்ததும் அணைந்தே கிடக்கலாம் என்றல்லவா ஆகிறது?

இங்கே 2020-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. டியூப்லெஸ் டயர், பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றழுத்தக் கருவி மூன்றும் இருந்தால் சிறிய கார்களுக்கு ஸ்டெப்னி தேவையில்லை. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஒரு தெருப் பெயர். 1904-இல் அங்கே பிறந்த மாற்றுச் சக்கரத்துக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.) ஸ்டெப்னி போனால் மிச்சமிருக்கும் காவல் அந்தச் சென்சார்தான். ஆனால் "அது இல்லாமலே வண்டி ஓடும் சார்" என்று கழற்றிப் போட்டு அனுப்பிய ஒரு கடையைப் பற்றி நண்பர் சொன்னார்.

ஆகவே டயர் மாற்றப் போனால், கம்பியை விடுமுன்பே சொல்லுங்கள், வால்வுக்குப் பின்னால் சென்சார் இருக்கிறது என்று. ரப்பர் வாஷர், வால்வு ஊசி, மூடி இவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அலுமினிய வால்வுக்கு வெறும் பித்தளை ஊசி ஆகாது, உப்பரித்து ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசியது வேண்டும். ஏழெட்டு வருடமாகிவிட்டால் டயரோடு சென்சாரையும் மாற்றிவிடுவது லாபம், இன்னொரு முறை டயரைக் கழற்றும் கூலி மிச்சம். புதுச் சென்சாரின் எண்ணைக் காருக்குப் பதிவு செய்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள். சுழற்சியை எண்ணும் வகைக் காரானால் டயருக்குள் ஒன்றும் இருக்காது. காற்றைச் சரிபார்த்து ரீசெட் செய்தால் போதும்.

கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால், பெரும்பாலான கார்களில் அது காற்றுக் குறைவு அல்ல, கருவியே பழுது. காற்றடிக்கும் கடைக்குப் போய்ப் பயனில்லை.